கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள்

கணினித் திரையின் மூலையில் மணி காட்டும் எண்களுக்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் கடிகாரங்கள் இயங்குகின்றன. ஒன்று மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரம். கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சிறிய பேட்டரியின் தயவில் அது ஓடிக்கொண்டிருக்கும். மற்றொன்று இயங்குதளம் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருள் கடிகாரம். கணினியைப் போடும்போது அது பிறக்கிறது, அணைத்தால் மறைந்துவிடுகிறது. விண்டோஸோ லினக்ஸோ தொடங்கும்போது வன்பொருள் கடிகாரத்தை ஒருமுறை படித்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது குறைவு. மதர்போர்டும் செயலியும் தரும் துடிப்புகளை எண்ணித் தன் நேரத்தைத் தானே நகர்த்திக்கொண்டு போகும். இணைய இணைப்பு இருந்தால் அவ்வப்போது ஒரு நேர சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும்; திருத்திய நேரத்தை வன்பொருள் கடிகாரத்திலும் எழுதிவைக்கும்.

ஆகவே, மணி தவறாகத் தெரிந்தால் பழுது நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம்: வன்பொருள் கடிகாரம், மென்பொருள் கடிகாரம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரம் மாறும் இடம், வெளியிலிருந்து நேரம் வந்துசேரும் வழி. எந்த இடம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பிழை எவ்வளவு, எந்தத் திசையில், எப்போது தோன்றுகிறது என்ற மூன்றும் தெரிந்தால் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கடிகாரம் இல்லாத முதல் கணினி

1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினியில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் டாஸ் இயங்குதளம் தேதியையும் நேரத்தையும் கேட்கும். பயனர் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் எதுவும் சொல்லாமல் எண்டர் விசையைத் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில்தான் மோட்டோரோலா நிறுவனத்தின் எம்சி146818 என்ற கடிகாரச் சில்லு இடம்பெற்றது. அதில் 64 பைட் நினைவகம் இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்கும், மீதி 50 பைட் கணினியின் அடிப்படை அமைப்புகளைச் சேமிக்கவும் பயன்பட்டன. சிமாஸ் தொழில்நுட்பத்தில் செய்த சில்லு என்பதால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரிக்கு இன்றுவரை சிமாஸ் பேட்டரி என்றே பெயர். ஆண்டுக்கு அந்தச் சில்லில் இரண்டு இலக்கங்கள்தான் இருந்தன. நூற்றாண்டைத் தனி பைட் ஒன்றில், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் வைத்துக்கொண்டது.

இன்று அந்தச் சில்லு தனியாக இல்லை. அதன் வேலை மதர்போர்டின் சிப்செட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் நேரத்தை நொடி, நிமிடம், மணி, தேதி, மாதம், ஆண்டு என்று வெறும் எண்களாக வைத்திருக்கும் பழைய அமைப்பு மாறவில்லை. அந்த எண்கள் எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பு அதில் இல்லை. பின்னால் பார்க்கப்போகும் ஒரு முக்கியமான குழப்பம் இந்தக் குறையிலிருந்து பிறக்கிறது.

படிகம் எவ்வளவு துல்லியமானது?

குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகிறது என்பதை 1880-இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் கண்டறிந்தனர். இதன் மறுதலையும் உண்மை: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும். வெட்டிய வடிவத்தையும் அளவையும் பொறுத்து அந்த அதிர்வெண் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினார்.

கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகைப் படிகம். இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் இது. எனவே எளிய மின்சுற்று ஒன்றால் அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும்.

சந்தையில் கிடைக்கும் சாதாரணப் படிகத்தின் துல்லியம் பத்து லட்சத்தில் 20 பங்கு முன்பின் என்ற அளவில் இருக்கும். ஒரு நாளில் 86,400 நொடிகள் என்பதால் இது நாளுக்கு சுமார் 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. வெப்பம் இதைக் கூட்டும். இந்த வகைப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் அருகே மிக வேகமாக அதிரும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மந்தமாகும். விலகும் டிகிரியின் வர்க்கத்துக்கு ஏற்ப மந்தம் பெருகும். ஒரு டிகிரி வர்க்கத்துக்குப் பத்து லட்சத்தில் சுமார் 0.034 பங்கு. கணினிப் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் 20 டிகிரி விலகல். மந்தம் பத்து லட்சத்தில் சுமார் 14 பங்கு, அதாவது நாளுக்கு 1.2 நொடி. இவற்றோடு படிகத்தின் வயதும், அதன் இரு பக்கமும் இணைக்கப்படும் மின்தேக்கிகளின் பொருத்தமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இணையத்தோடு இணையாத கணினி மாதத்துக்கு ஒன்றரை நிமிடம் வரை தவறினால் அது பழுது அல்ல. அந்த வகைப் படிகத்தின் இயல்பு. நாளுக்குப் பத்து நொடி, ஒரு நிமிடம் என்று தவறினால் படிகத்தைத் தாண்டி வேறு எங்கோ கோளாறு இருக்கிறது.

எண்ணி நகரும் மென்பொருள் கடிகாரம்

பழைய கணினிகளில் மென்பொருள் கடிகாரத்துக்குத் துடிப்பு தந்தது இன்டெல் 8253 என்ற சில்லு. அதற்கு வந்த அதிர்வெண் 1.193182 மெகாஹெர்ட்ஸ். இந்த விசித்திரமான எண் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. வண்ணத் தொலைக்காட்சிக்கான 3.579545 மெகாஹெர்ட்ஸை நான்கால் பெருக்கினால் வரும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை ஐபிஎம் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்ததே 1.193182. அதை மேலும் 65,536-ஆல் வகுத்து நொடிக்கு 18.2 முறை செயலியைத் தட்டி எழுப்பினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பயாஸ் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டது.

இன்றைய இயங்குதளங்கள் பெரும்பாலும் செயலிக்குள்ளேயே இருக்கும் எண்ணியைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுகின்றன. 1993-இல் வந்த பென்டியம் செயலியிலிருந்து இந்த எண்ணி இருந்துவருகிறது. அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை இயங்குதளம் தொடக்கத்தில் தெரிந்துகொண்டாக வேண்டும். சில கணினிகளில் வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளக்கும். அந்த அளவீட்டில் விழும் சிறு பிழை, அடுத்த முறை அணைக்கும் வரை ஒவ்வொரு நொடியிலும் தொடரும்.

ஒரே ஆலையில் செய்த இரண்டு கணினிகளின் விலகல்கூட ஒன்றாக இருக்காது. 2005-இல் தடாயோஷி கோனோ, ஆண்ட்ரே ப்ராய்டோ, கே.சி. கிளாஃபி ஆகிய ஆய்வாளர்கள் இந்தச் சிறு வேறுபாட்டை வலைப்பின்னல் வழியே தொலைவிலிருந்து அளந்து, கணினிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள்.

தவறான நேரத்தால் வரும் தொல்லைகள்

நேரம் தவறியதைப் பலர் கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை; வேறு ஏதாவது வேலை செய்யாமல் போகும்போதுதான் தெரிகிறது. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே போனால் வங்கித் தளம், மின்னஞ்சல் எதுவும் திறக்காமல் உலாவி எச்சரிக்கை காட்டும். எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் பாதுகாப்பற்றவை என்று உலாவி சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது கணினியின் தேதியைத்தான்.

முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் கடவு எண்கள் இருபுறமும் நேரம் ஒத்திருந்தால்தான் பொருந்தும். அலுவலக வலைப்பின்னல்களில் உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில், சர்வருக்கும் கணினிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் விண்டோஸ் டொமைனின் இயல்பான அமைப்பில் அனுமதி கிடைக்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாத நிலை இதனால் வரும். கோப்புகளின் தேதியை வைத்து எது புதியது என்று தீர்மானிக்கும் காப்புப் பிரதி மென்பொருள், புதிய கோப்பைப் பழையது என்று நினைத்து ஒதுக்கிவிடக்கூடும்.

முதல் வேலை: அளப்பது

நேரத்தைச் சரிசெய்துவிட்டால் தடயம் அழிந்துவிடும். எனவே திருத்துவதற்கு முன் பிழையைக் குறித்துக்கொள்வதே முதல் வேலை. ஒப்பிடுவதற்கு நம்பகமான நேரம் வேண்டும். வலைப்பின்னலிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் கைப்பேசியே வீட்டுக்குப் போதும். இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பேணுவது புதுடெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேர சர்வரை யாரும் பயன்படுத்தலாம்.

அடுத்து, இரண்டு கடிகாரங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கணினியைப் போட்டவுடன் பயாஸ் திரைக்குள் போனால் அங்கே தெரிவது வன்பொருள் கடிகாரத்தின் நேரம். இயங்குதளத்தின் குறுக்கீடு அங்கே இல்லை. அது சரியாக இருந்து, விண்டோஸில் மட்டும் தவறாக இருந்தால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. பயாஸ் திரையிலேயே தவறு என்றால் விண்டோஸ் அமைப்புகளை நோண்டிப் பயனில்லை. பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும் சோதனை இது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: லினக்ஸ் இயங்கும் கணினியில் பயாஸ் திரை உலக நேரத்தைக் காட்டலாம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருந்தால் அது தவறல்ல.

சிறுகச் சிறுக விலகும் கடிகாரத்துக்கு இன்னொரு சோதனை வேண்டும். தானாக நேரம் எடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நேரத்தைச் சரியாக வைத்து, கணினியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு விலகலைக் குறிக்க வேண்டும். பிறகு மறுபடி சரியாக வைத்து, ஒரு நாள் அணைத்துவைத்து, பயாஸ் திரையில் விலகலைப் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் விலகினால் மென்பொருள் கடிகாரம். அணைந்திருக்கும்போது விலகினால் வன்பொருள் கடிகாரம் அல்லது அதன் பேட்டரி.

முழு மணி, அரை மணிப் பிழைகள்

நிமிடமும் நொடியும் சரியாக இருந்து, மணி மட்டும் முழு மணியிலோ அரை மணியிலோ தவறினால் எந்தக் கடிகாரமும் பழுதாகவில்லை. எண்களைப் புரிந்துகொள்வதில்தான் தவறு.

இதில் மிகச் சாதாரணமானது நேர மண்டலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருப்பது. இந்தியாவும் இலங்கையும் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கின்றன. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை குளிர்காலத்தில் எட்டு மணி பின்னால். புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினியில் மேற்குக் கடற்கரை மண்டலம் மாற்றப்படாமல் கிடந்தால் பதின்மூன்றரை மணி பின்தங்கித் தெரியும்; அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும் கோடைநேரம் நடக்கும் மாதங்களில் பன்னிரண்டரை மணி. இந்த நிலையில் மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் திருத்தினால், அடுத்த முறை இணையத்திலிருந்து நேரம் வந்தவுடன் பிழை திரும்பிவிடும். சரியாகப் பன்னிரண்டு மணி தவறினால் கையால் வைத்தபோது முற்பகலும் பிற்பகலும் மாறியிருக்கும்.

சரியாக ஐந்தரை மணி தவறுவது, ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பிழை. வன்பொருள் கடிகாரத்தில் இருக்கும் எண்களை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் உலக நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் இயங்கும்போது உலக நேரத்தை எழுதிவைத்தால், அடுத்துத் தொடங்கும் விண்டோஸ் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். விண்டோஸ் அதைத் திருத்தி உள்ளூர் நேரத்தை எழுதினால், அடுத்துத் தொடங்கும் லினக்ஸ் அதோடு ஐந்தரை மணியைக் கூட்டி முன்னால் போய்விடும். இரண்டும் ஒரே வழக்கத்துக்கு வந்தால் பிரச்சினை தீரும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதை உலக நேரத்துக்கு மாற்றலாம். அல்லது லினக்ஸில் ஒரே கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். முதல் வழியே சிறந்தது. கோடைநேரம் கடைப்பிடிக்கும் நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இரண்டு தடவை வருகிறது. கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருந்தால் அது எந்தத் தடவை என்று பிரித்தறிய வழியில்லை.

மண்டலம் சரியாக இருந்தும் அரை மணியோ ஒரு மணியோ தவறினால், இயங்குதளத்தின் நேர மண்டலத் தரவு பழையதாகிவிட்டிருக்கும். நேரத்தை மாற்றுவது அரசுகளின் முடிவு. அந்த முடிவு இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பாக வந்துசேர வேண்டும். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி ஆறரைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கு வந்தது. 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த மாற்றத்தைப் பெறாத கணினிகள், மண்டலம் சரியாக இருந்தும் அரை மணி முன்னால் காட்டின. புதுப்பிப்பு நின்றுபோன பழைய இயங்குதளங்களில் இந்த வகைப் பிழைக்கு நிரந்தரத் தீர்வு இல்லை. அதே வேறுபாடு உள்ள இன்னொரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பேற்றலாம்.

பழைய தேதிக்குத் திரும்பும் கணினி

ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். எந்தத் தேதிக்குத் திரும்பும் என்பது பயாஸைப் பொறுத்தது. ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1 ஆக இருப்பது வழக்கம். “சிமாஸ் செக்சம்” பிழை என்ற அறிவிப்பும், பூட் வரிசை மாறிப்போவதும் இதே காரணத்தின் துணை அடையாளங்கள்.

மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்ற நாணய வடிவ லித்தியம் பேட்டரி. 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் 3 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் எட்டு ஆண்டுக்கு மேல் வரும். அதுவும் கணினி மின் இணைப்பில் இல்லாத நேரத்துக்கான கணக்குதான். சுவிட்ச் போர்டில் மின்சாரம் இருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும், கடிகாரம் மின்வழங்கியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பேட்டரி தீர்ந்தது பல நாள் தெரியாமல் போவதற்கும் காரணம் இதுவே. விண்டோஸில் அணைத்துவிட்டுச் சுவரில் உள்ள சுவிட்சை அப்படியே விடும் வீட்டில் கடிகாரம் சரியாக ஓடும். இரவு சுவிட்சையும் அணைக்கும் வீட்டில் அதே கணினி தினமும் காலையில் பழைய தேதியைக் காட்டும். மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் தேதி தவறுகிறது என்ற புகாருக்கும் இதே விளக்கம். சந்தேகத்தைத் தீர்க்க, நேரத்தைச் சரிசெய்து, இணைய இணைப்பைத் துண்டித்து, சுவர் சுவிட்சை ஓர் இரவு அணைத்துவைத்துப் பார்த்தால் போதும்.

மல்டிமீட்டர் இருந்தால் கழற்றிய பேட்டரியை நேரடியாக அளக்கலாம். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். முழுதாகத் தீர்வதற்கு முன் ஓர் இடைக்கட்டம் உண்டு. அப்போது தேதி அழியாது. அணைந்திருக்கும் நேரத்தில் மட்டும் கடிகாரம் நின்று நின்று ஓடி, சில மணி நேரம் பின்தங்கும்.

மாற்றுவது சிறிய வேலை. அதற்கு முன் பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி போனால் அந்த அமைப்புகளும் போய்விடலாம். வட்டு முழுவதும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணைக் கையில் வைத்திருப்பது அவசியம். பயாஸ் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, பிடிப்பானை நெம்பிப் பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதை வைக்க வேண்டும். மடிக்கணினிகளில் சிலவற்றில் இந்தப் பேட்டரி கம்பியோடு உறையிட்டு இருக்கும். சிலவற்றில் தனிப் பேட்டரியே இருக்காது. கழற்றியதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியும். புதிய பேட்டரி போட்டும் அதே பிழை தொடர்ந்தால் பேட்டரி உட்காரும் தகட்டில் துருவோ தளர்வோ இருக்கலாம். சிமாஸை அழிக்கும் ஜம்பர் இடம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஓடும்போது விலகும் கடிகாரம்

கணினி இயங்கும்போது மட்டும் நாளுக்குப் பல நொடியோ நிமிடமோ விலகினால் காரணம் துடிப்பை எண்ணுவதில் இருக்கிறது. பழைய இயங்குதளங்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் செயலியின் கவனத்தை நம்பியிருந்தன. வேறொரு சாதன இயக்கி செயலியை அதிக நேரம் பிடித்துவைத்துக்கொண்டால் சில துடிப்புகள் தவறிப்போகும், கடிகாரம் பின்தங்கும். கனமான வேலையின்போது மட்டும் பின்தங்குவது இதன் அடையாளம். எண்ணியையே படிக்கும் இன்றைய முறையில் இது அரிது. லினக்ஸில் எந்தத் துடிப்பு மூலம் பயன்படுகிறது என்பதைப் பார்க்கவும் மாற்றவும் முடியும். செயலியின் எண்ணி நம்பத்தகாதது என்று தெரிந்தால் லினக்ஸ் தானாகவே வேறொன்றுக்கு மாறி, அதைப் பதிவேட்டில் குறித்துவைக்கும்.

மதர்போர்டின் அடிப்படை அதிர்வெண்ணை மாற்றி ஓவர்கிளாக் செய்வது மற்றொரு காரணம். விண்டோஸ் 8 இயங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த அதிர்வெண்ணை மாற்றினால், பல கணினிகளில் அதன் நொடி நீளவோ குறுகவோ செய்தது. கணினி வேகப் பந்தயங்களின் முடிவுகளைப் பதிவுசெய்யும் எச்டபிள்யூபாட் அமைப்பு இதனால் 2013 ஆகஸ்டில் விண்டோஸ் 8 முடிவுகளை ஏற்க மறுத்தது. நொடி நீண்டுபோனால் கணினி உண்மையைவிட வேகமாக வேலை முடித்ததாகத் தெரியும். இயல்பு அமைப்புக்குத் திரும்பி அளந்து பார்ப்பதே இதற்கான சோதனை.

ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் மெய்நிகர் கணினிகளுக்குத் தனிப் படிகம் இல்லை. தாய்க்கணினி அவற்றை இடைநிறுத்தி மறுபடி ஓடவிட்டால் இடையில் போன நேரம் அவற்றுக்குத் தெரியாது. மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்கள் தரும் துணைக்கருவிகளை அதனுள்ளே நிறுவினால் தாய்க்கணினியின் நேரம் கிடைத்துவிடும். சாதாரணக் கணினி உறக்கத்திலிருந்து எழும்போதும் வன்பொருள் கடிகாரத்தைப் பார்த்தே இடைவெளியை நிரப்புகிறது. உறங்கிய நேரம் அளவுக்குச் சரியாகப் பின்தங்கினால் பயாஸையும் சிப்செட் இயக்கியையும் புதுப்பிப்பதுதான் வழி.

இணையத்திலிருந்து வரும் நேரம்

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டேவிட் மில்ஸ் உருவாக்கிய என்டிபி என்ற நெறிமுறை 1985-இல் முறையாக வெளியானது. இன்று உலகின் கணினிகள் பெரும்பாலும் அதையோ அதன் எளிய வடிவத்தையோ பயன்படுத்துகின்றன. சர்வரின் பதில் வந்துசேரவும் நேரம் ஆகும் என்ற சிக்கலை அது நான்கு குறிப்புகளால் தீர்க்கிறது.

ஒரு கணினி தன் கடிகாரத்தில் 0 மில்லிநொடியில் கேள்வி அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரத்தில் 540-இல் அதைப் பெற்று, 541-இல் பதில் அனுப்புகிறது. கணினிக்கு அது 81-இல் கிடைக்கிறது. மொத்தப் பயணம் 81-இலிருந்து சர்வர் எடுத்த 1-ஐக் கழித்தால் 80 மில்லிநொடி. போக 540 வேறுபாடு, வர 460 வேறுபாடு. இரண்டின் சராசரி 500. ஆகவே கணினி அரை நொடி பின்தங்கியிருக்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கின்றன என்ற அனுமானத்தில் நிற்கும் கணக்கு இது. இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அதில் பாதி, பிழையாகச் சேர்ந்துவிடும். வீட்டுக் கணினிக்குச் சில மில்லிநொடிப் பிழை பொருட்டல்ல.

கிடைத்த வேறுபாட்டை மூல என்டிபி மென்பொருள் உடனே ஒரே தாவலாகத் திருத்திவிடாது. 128 மில்லிநொடிக்குள் இருந்தால் கடிகாரத்தின் வேகத்தை மெல்லக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும். அந்த வேக மாற்றம் பத்து லட்சத்தில் 500 பங்கைத் தாண்டாது. வேறுபாடு 128 மில்லிநொடிக்கு மேல் இருந்தால் தாவும். 1,000 நொடிக்கு மேல் இருந்தால் தன்னையே நம்பாமல் நின்றுவிடும். டொமைனில் சேராத விண்டோஸ் கணினிகளில் இந்த எல்லை இயல்பாக 15 மணி நேரம். பேட்டரி தீர்ந்து பல ஆண்டு பின்னால் போன கணினி, இணையம் இருந்தும் தானாகத் திருந்தாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம். தேதியைக் கையால் கிட்டத்தட்டச் சரியாக வைத்துவிட்டு மறுபடி முயன்றால் ஒத்திசைவு நடந்துவிடும்.

ஒத்திசைவே நடக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை சில. விண்டோஸில் விண்டோஸ் டைம் என்ற சேவை ஓடுகிறதா, நேர அமைப்பில் உள்ள “சிங்க் நவ்” பொத்தானை அழுத்தினால் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். என்டிபி செய்திகள் யுடிபி 123-ஆம் போர்ட் வழியே போகின்றன; கல்லூரி, அலுவலக ஃபயர்வால்கள் அதை அடைத்துவைத்திருப்பது உண்டு. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் வேலை செய்து, அலுவலக இணைப்பில் செய்யாவிட்டால் காரணம் அதுவே. அலுவலகத்துக்கென்று உள்ளேயே நேர சர்வர் இருந்தால் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்களின் கணினி அமைப்புகள் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு ஒத்திசைய வேண்டும் என்கிறது.

நேரம் தருபவரே தவறினால்

சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் திடீரென்று நாள்கணக்கில் தாவினால் சந்தேகம் வெளியே திரும்ப வேண்டும். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள் சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டைக் காட்டின. அவற்றை மட்டும் நம்பியிருந்த வலைப்பின்னல்களில் உள்நுழைவு குழம்பியது. ஒரே சர்வரை நம்பினால் அதன் பிழை தெரியாது. இரண்டை வைத்தால் எது பொய் என்று தெரியாது. நான்கு சர்வர்களை வைத்தால் ஒன்று பொய் சொன்னாலும், ஒன்று பதில் தராமல் போனாலும் சமாளிக்கலாம்.

விண்டோஸிலேயே இப்படி ஒரு வாசல் இருந்தது. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது சர்வர்கள் அனுப்பும் தகவலில் நேரத்துக்கென ஓர் இடம் உண்டு. அதைப் படித்துத் தோராய நேரத்தை ஊகிக்கும் வசதி விண்டோஸ் 10 காலத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் பல சர்வர்கள் அந்த இடத்தில் நேரத்துக்குப் பதில் தற்செயல் எண்களை நிரப்பி அனுப்பிவந்தன. 2023-இல் சில விண்டோஸ் சர்வர்களின் தேதி வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தாவியதாக வந்த புகார்களுக்கு இந்த வசதியே காரணமாகக் காட்டப்பட்டது. விளக்க முடியாத தாவல் இருந்தால் இதை அணைத்துப் பார்க்கலாம்.

சோதிக்கும் வரிசை

செலவும் உழைப்பும் குறைந்ததிலிருந்து தொடங்கினால் வரிசை இப்படி அமையும். முதலில் பிழையின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிமிடங்கள் சரியாக இருந்து மணி மட்டும் தவறினால் நேர மண்டலம், இரண்டு இயங்குதளங்களின் முரண், பழைய மண்டலத் தரவு ஆகியவற்றை அந்த வரிசையில் பார்த்தால் போதும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. மற்றப் பிழைகளுக்குப் பயாஸ் திரையின் நேரத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் தவறு, சுவர் சுவிட்சை அணைத்த பிறகே தவறுகிறது என்றால் பேட்டரி. பேட்டரி புதியதாக இருந்தும் அணைந்திருக்கும்போது நாளுக்குப் பல நொடி விலகினால் படிகமோ அதன் மின்சுற்றோ கெட்டிருக்கிறது; மதர்போர்டைப் பழுதுபார்ப்பது கட்டுபடியாகாது என்றால் இணைய ஒத்திசைவை அடிக்கடி நடக்கும்படி அமைத்துச் சமாளிக்கலாம். பயாஸில் சரி, ஓடும்போது மட்டும் விலகுகிறது என்றால் ஓவர்கிளாக், சாதன இயக்கி, துடிப்பு மூலம், மெய்நிகர் அமைப்பு. பயாஸும் சரி, விலகலும் இல்லை, திடீர்த் தாவல் மட்டும் என்றால் நேர சர்வரும் அதன் அமைப்பும். கடைசியாக, எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் தானியங்கி ஒத்திசைவை மறுபடி போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.